மூன்று தெரு தள்ளி

கும்பகோணத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் பேருந்தில் போய்த் திரும்ப அந்நாளில் எனக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. என் வீட்டு வாசலிலிருந்து மூன்று தெரு தள்ளியிருந்த மாதாகோயில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக ஏழு நிமிஷம் போதும். இரண்டு இடங்களிலும் நடந்த காரியம் ஒன்றே. குடியை விட விரும்புகிற பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராகத் தம் கதையைச் சொல்லி, மற்றவர் கதையைக் கேட்டு, ஆளுக்கொரு டம்ளர் தேநீர் அருந்திக் கலைவார்கள். ஏழு நிமிஷத்தில் கிட்டக்கூடிய இந்தச் சகாயத்தை நான் இரண்டு வருஷம் நான்கு மாதம், வாரந்தோறும் ஆறு மணி நேரப் பிரயாணம் செய்து தேடினேன் என்பதும், அதற்குள் என் மூத்த மகளின் நிச்சயதார்த்தமும், சேமநல நிதியில் பாதியும், என் இடது கணுக்காலும் சேதமுற்றன என்பதும்தான் இங்கே விஷயம். மற்றவற்றை விரைவாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். இந்த ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்ல எனக்கு அனுமதி வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். முப்பத்து மூன்று ஆண்டுகள் உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தினேன். அவற்றுள் இருபது ஆண்டுகள் குடித்துக்கொண்டே நடத்தினேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்றும் சுருக்கமாக ஏ.ஏ. என்றும் வழங்கும் சங்கத்தின் பன்னிரண்டு பாரம்பரியங்களுள் பதினோராவது, பத்திரிகையிலும் வானொலியிலும் சினிமாவிலும் தன் அடையாளத்தை வெளியிடலாகாது என்று விதிப்பதால் என் பெயரை எழுதவில்லை. ஊரையும் உத்தியோகத்தையும் சொல்லிவிட்டுப் பெயரை மட்டும் மறைப்பானேன் என்று கும்பகோணத்து வாசகர் எவரேனும் சிரித்தால், சிரிக்கட்டும். அவர்களுக்கு எல்லாம் எப்போதோ தெரியும் என்பதை நான்தான் கடைசியில் தெரிந்துகொண்டேன்.

திருக்குறளின் பொருட்பாலில் தொண்ணூற்று மூன்றாவது அதிகாரமாக நிற்பது கள்ளுண்ணாமை. அதை வாயில் கிராம்பும் ஏலக்காயும் அடக்கிக்கொண்டு நான் வகுப்பில் விளக்கிய ஒரு பிற்பகலில், முதல் பெஞ்சில் இருந்த பையன் ஒருவன் புத்தகத்தை மெள்ள உயர்த்தி மூக்குவரை மறைத்துக்கொண்டான். பாடத்தில் அவனுக்கு உண்டான ஈடுபாடு என்று நான் அதை வியாக்கியானம் செய்துகொண்டேன். யாரேனும் ஜாடையாகக் குத்திப் பேசினால், அதியமானும் ஔவையும் கள்ளைப் பகிர்ந்து உண்ட செய்தி புறநானூற்றிலேயே இருக்கிறது என்று ஆதாரம் காட்டுவேன். படித்தவன் குடித்தால் அவனுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் சௌகரியம் இதுதான்: சாக்குக்கு இலக்கியத்தில் பஞ்சமில்லை. 2003ஆம் ஆண்டு அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறை விற்பனையையும் ஏற்றுக்கொண்டபின், அரசாங்கம் விற்பதை அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் வாங்குவதில் என்ன அக்கிரமம் என்ற தர்க்கமும் சேர்ந்துகொண்டது. நண்பர் ஒருவருடன் பங்கு போட்டுக்கொண்ட ‘கட்டிங்’ தனிக் குவார்ட்டராகி, குவார்ட்டர் இரண்டாகி, இரண்டாவது பாட்டில் காலைக்கு என்று பீரோவின் பின்னால் ஒளிந்தது.

விடுவதற்குச் செய்த பிரயத்தனங்கள் பல. மூன்று வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டேன். நாற்பத்தெட்டு நாள் ஒரு சொட்டு தொட்டதில்லை, மாலையைக் கழற்றிய கை மறுநாளே பாட்டில் மூடியைத் திருகியது. ஒரு கோயிலில் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டேன். அது நைந்து தானே அறுந்து விழுந்தபோது பிரதிக்ஞையும் அறுந்ததாக எடுத்துக்கொண்டேன். என் மைத்துனர், அதாவது என் மனைவியின் தமையனார், குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம் என்ற விளம்பரத்தைக் கண்டு ஒரு பொடியை வரவழைத்து, என் சாம்பாரில் மூன்று நாள் கலக்கச் செய்தார். மூன்றாம் நாள் மாலை வழக்கம்போல் குடித்துவிட்டு வந்தவன் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகப்பட்டேன். டைசல்ஃபிராம் என்ற மருந்து சாராயத்தோடு சேர்ந்தால் இப்படித்தான் செய்யும் என்றும், நோயாளி அறிந்து சம்மதித்து வைத்தியர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டிய அதைக் களவாகக் கொடுத்தால் உயிரே போகலாம் என்றும் அங்கே கேட்டறிந்தோம். அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று எவருக்கும் தெரியாது. ஆயினும் என் மைத்துனர் இன்றளவும் கல்யாண வீடுகளில், மாப்பிள்ளை குடியை நிறுத்தியது தம் பொடியால்தான் என்று பந்திக்குப் பந்தி பிரசங்கம் செய்து வருகிறார். அவருக்கு இதுவே என் பதில்.

பின்பு ஒரு மீட்பு இல்லம். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டி வாங்கிக்கொண்டு, கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு, வெளியே தாழிட்ட அறையில் பதினாலு பேரைப் படுக்கவைத்து, ‘ஐயா, தண்ணீர்’ என்று கேட்டவனைப் பிரம்பால் தட்டிய அவ்விடத்தின் பெயரை எழுதப் பேனா துடிக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தபின் இத்தகைய இல்லங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். சேர்க்கப் போகிறவர்கள் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டத் தயங்கினால் வந்த ஆட்டோவிலேயே திரும்புங்கள்.

கடைசியாக, 2012ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், யார் துணையும் இன்றி வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்திவிடுவதென்று வைராக்கியம் கொண்டேன். மறுநாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் விட்டத்திலிருந்து எறும்புகள் சாரிசாரியாக என் படுக்கைக்கு இறங்கிவருவதைக் கண்டு கூச்சலிட்டேன். என் மனைவி எறும்பே இல்லை என்று சொல்லவில்லை. துடைப்பத்தால் சுவரைப் பெருக்கிவிட்டு, ‘போயிடுச்சுங்க, படுங்க’ என்றாள். நித்தியம் நிறையக் குடிக்கிறவன் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிரமையும் வந்து பிராணாபாயம் நேரக்கூடும். ஆகையால் முதல் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருப்பதே புத்தி. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு என்று கேட்டால் காட்டுவார்கள். பைத்தியம் என்று பட்டம் கட்டமாட்டார்கள். எனக்கு தயாமின் ஊசியும் நடுக்கத்துக்கு மாத்திரையும் கொடுத்துப் பதினோராம் நாள் அனுப்பிவைத்தார்கள்.

அந்தப் பதினோராம் நாளில்தான் பிழை நிகழ்ந்தது.

ஆலோசகராக இருந்த இளம்பெண், என் மகள் வயதுதான் இருக்கும், ‘சார், மருந்தோட வேலை முடிஞ்சுது. இனிமே உங்கள மாதிரி ஆளுங்களோட உட்காரணும்’ என்று சொல்லி, புறநோயாளிச் சீட்டின் பின்புறத்தில் இரண்டு விலாசங்களை மேலும் கீழுமாக எழுதித் தந்தார். மேலே இருந்தது எங்கள் ஊர் மாதாகோயில் பள்ளிக்கூடம், செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறரை மணி. கீழே இருந்தது திருச்சி, சனிக்கிழமை மாலை. ‘உள்ளூர்லயே இருக்கு, உங்களுக்கு வசதி’ என்றும் சொன்னார். நான் வெளியே வந்து, மருந்துக் கவுண்டர் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே, அந்தச் சீட்டை நடுவில் மடித்து, நகத்தால் மடிப்பை அழுத்தி, மேற்பாதியைக் கிழித்துச் சட்டைப்பையிலிருந்த பழைய டிக்கெட்டுகளோடு சேர்த்து எறிந்துவிட்டேன். கிழித்த ஓரம் கோணாமல் நேராக வரவேண்டும் என்று அவ்வளவு ஜாக்கிரதையாகக் கிழித்தது இன்றும் கண்முன் நிற்கிறது.

மானம் கருதிச் செய்தேன் என்று அப்போது நினைத்தேன். மாணவர்களின் தகப்பன்மார் பார்ப்பார்கள், பள்ளிச் செயலாளர் காதுக்கு எட்டும், மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இது வேறா என்று மனக்கணக்குப் போட்டேன். உங்களுக்கும் என்னைப்போல் ஊரில் ஒரு பெயரும், மாதம் பிறந்தால் ஒரு சம்பளமும், கல்யாணத்துக்கு ஒரு பெண்ணும் இருக்கத்தானே செய்யும். ஆகவே என் யோசனை உங்களுக்கு நியாயமாகவே படும் என்று நம்புகிறேன். ஆனால் சற்றுக் கூர்ந்து பார்த்தால் அதில் இருந்த விபரீதம் விளங்கும். காந்தி பூங்கா ஓரத்தில் நான் வேட்டி அவிழ்ந்து கிடந்ததைப் பார்த்த ஊர், அதே மனிதன் தெளிந்த கண்ணோடு ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதைப் பார்த்துவிடக் கூடாதென்று நான் அஞ்சினேன். விழுந்து கிடக்கக் கூசாத இடத்தில் எழுந்து நடக்கக் கூசினேன்.

அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. உள்ளூர்க் கூட்டத்தில் யார் யார் இருப்பார்கள்? எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவர், காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர், என்னிடம் படித்துத் தேறாமல் போன பையன்கள். அவர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து ‘நானும் உங்களில் ஒருவன்’ என்று சொல்ல வேண்டும். திருச்சியிலோ எவருக்கும் என்னைத் தெரியாது. அங்கே தாழ்ந்தாலும் அது தாழ்வாகக் கணக்கில் வராது. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பத்து வருஷமாயிற்று.

திருச்சிக் கூட்டத்தில் நான் ராமநாதன். ஊர் புதுக்கோட்டை, தொழில் உர வியாபாரம். யாரும் கேட்காமலே இத்தனையையும் சொன்னேன். மூன்றாவது பாரம்பரியப்படி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே அங்கே சேர்வதற்குத் தகுதி. கையெழுத்துக் கிடையாது, கட்டணம் கிடையாது, முழுப்பெயர்கூட வேண்டியதில்லை. உண்மை பேசுவதற்கென்றே ஏற்பட்ட அவ்விடத்தில், அவசியமே இல்லாமல் பொய் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ‘ராமநாதன், நீங்க ஏதாச்சும் பகிர்ந்துக்கிறீங்களா?’ என்று நடத்துநர் கேட்பார். நான் பக்கத்து நாற்காலிக்காரரைத் திரும்பிப் பார்ப்பேன். இரண்டாம் முறை அழைத்த பிறகே அது நான்தான் என்று நினைவு வரும். உர விலையைப் பற்றி யாரேனும் பேச்செடுத்தால் வியர்க்கும். கூட்டம் முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரும் கொஞ்சம் இலேசாகிப் போனார்கள்; நான் மட்டும் ராமநாதனையும் சேர்த்துச் சுமந்துகொண்டு திரும்பினேன்.

அங்கே பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். அவர்தாம் சங்கம் தோன்றிய வரலாற்றை எனக்குச் சொன்னவர். 1935ஆம் ஆண்டு மே மாதம், நியூயார்க்கின் பங்குத் தரகரான பில் என்பவர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன நிலையில், வியாபார விஷயமாக ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகருக்குப் போய், காரியம் கெட்டு, ஹோட்டல் கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி, மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிக்குப் போய், அவ்வூர்ப் பாதிரிமார்களின் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்து, பேசிக்கொண்டிருக்க இந்த ஊரிலேயே ஒரு குடிகாரர் கிடைப்பாரா என்று விசாரித்தார். அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவரான டாக்டர் பாப். கால் மணி நேரம் மட்டுமே என்று சொல்லிக்கொண்டு வந்த டாக்டர், இரவு வெகுநேரம்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு அவர் ஒரு முறை வழுக்கினார். அதுவும் சொந்த ஊரில் இல்லை, மருத்துவர் மாநாட்டுக்கென்று அட்லாண்டிக் சிட்டிக்குப் பிரயாணம் போன இடத்தில். திரும்பிவந்து ஜூன் 10ஆம் தேதி அவர் குடித்ததே கடைசிக் குடி. அந்த நாளையே சங்கத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். இவ்வளவையும் நான் வாய்பிளந்து கேட்டேன். ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டேன். தவித்து நின்றவர் தாம் நின்ற ஊரிலேயே ஆளைத் தேடினார் என்ற விவரம் என் செவியில் விழுந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை.

பெரியவர் எனக்கு ஸ்பான்சராக, அதாவது வழித்துணையாக, இருக்கச் சம்மதித்தார். ஆசை வரும்போது கூப்பிடுங்கள், எந்த நேரமானாலும் வருகிறேன் என்றார். எங்கே வருவார்? புதுக்கோட்டைக்கா?

சனிக்கிழமை மாலைக் கூட்டம் முடிந்து மத்தியப் பேருந்து நிலையத்தில் தஞ்சாவூர் வண்டிக்காக நிற்கும் அரைமணி நேரமே என் வாரத்தின் அபாயகரமான அரைமணி. பசி, களைப்பு, தனிமை, அன்று சொன்ன பொய்யின் கசப்பு எல்லாம் ஒன்று சேரும். பசித்திருக்காதே, கோபத்தில் இராதே, தனித்திராதே, களைத்திராதே என்று கூட்டத்தில் சொல்லும் நான்கு எச்சரிக்கைகளுள் மூன்றை, கூட்டத்துக்குப் போய்வருவதாலேயே நான் வாரந்தோறும் மீறினேன். நான்கு வாரம் தாங்கினால் ஐந்தாம் வாரம் வழுக்கும். ஒரு முறை பதினோரு வாரம் தாங்கி, என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முந்திய சனிக்கிழமை வழுக்கினேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். அவள் பிறகு நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டாள்.

2014ஆம் ஆண்டு ஐப்பசியில் தஞ்சாவூர்ப் பழைய பேருந்து நிலையத்தில், நகரும் வண்டியில் தொற்றி ஏறப் போய்ப் படி தவறி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு ஆறு வாரம். திருச்சிக்குப் போவது ஒழிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குக் கை மறுபடி தவிக்க ஆரம்பித்தபோது, என் மனைவி ஆட்டோவை வாசலில் நிறுத்தச் சொல்லி, என்னை ஒன்றும் கேளாமல் ஊன்றுகோலை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஞானோதயம் உண்டாகி நான் உள்ளூர்க் கூட்டத்துக்குப் போனதாகப் பிறர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வேறு எங்கும் போக முடியாத கால்தான் என்னை அங்கே கொண்டுபோயிற்று.

இரண்டாம் வகுப்பு அறை. சுவரில் அணிலும் ஆடும் இலையும் ஈயும் வரைந்த எழுத்துப் படம். குழந்தைகளுக்கான பெஞ்சு, உட்கார்ந்தால் முழங்கால் மார்பைத் தொடும், கட்டுப்போட்ட காலை நீட்ட இடமில்லை. உள்ளே நுழைந்தபோது எவரும் திடுக்கிடவில்லை, எவரும் எழுந்து நிற்கவில்லை. சுவரோரம் இருந்த ஒருவர் மட்டும் நகர்ந்து, கவிழ்த்து வைத்த சாக்பீஸ் பெட்டி ஒன்றைக் காலால் தள்ளி, என் கட்டுக்கால் அதன்மேல் நிற்கும்படி வைத்தார். பார்த்தால் எங்கள் தெரு இஸ்திரிக்காரர். பதினைந்து வருஷமாக ‘ஏம்ப்பா, சட்டை ஆச்சா?’ என்று நான் ஒருமையில் விளித்துவந்த மனிதர், அன்றைக்குக் குடியை விட்டு ஆறு வருஷமாகியிருந்தது.

கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: ‘சார் சட்டைப் பையில வாராவாரம் திருச்சி டிக்கெட் மடிச்சுக் கெடக்கும். தொவச்சதுல பாதி கூழாகியிருக்கும், உள்மடிப்புல மட்டும் எழுத்து நிக்கும். பெட்டி வைக்கிறதுக்கு முன்னாடி எடுத்துப் போட்டுருவேன். ஒருத்தர் சனிக்கிழமை போயிட்டு சனிக்கிழமையே திரும்புறாருன்னா எனக்குத் தெரியாதா சார்? நானும் மொத ஒரு வருசம் தஞ்சாவூருக்குத்தான் போனேன்.’

‘தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்டேன். ‘சொல்லியிருந்தா நீங்க சட்டைய வேற வண்டிக்குப் போட்டிருப்பீங்க’ என்றார்.

அவரே என் ஸ்பான்சர். அதன்பின் ஒரு முறைகூட வழுக்கவில்லை.

இனி, செய்ய வேண்டியவை. இவற்றில் விவாதத்துக்கு நான் இடங்கொடுப்பதில்லை. இடம் தெரியாதவர்கள் மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணிலோ, போதை மீட்புக்கான 14446 என்ற எண்ணிலோ விசாரிக்கலாம். ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கேட்கலாம். மாதாகோயில் அலுவலகங்களில் கேட்டால் பெரும்பாலும் வழி சொல்வார்கள். நடந்து போகும் தூரத்தில் உள்ள கூட்டத்துக்கே முதலில் போங்கள். உங்களுக்குக் கடைக்குப் போகும் நேரம் எதுவோ, கூட்டமும் அந்த நேரத்தில் இருப்பது உத்தமம். கடை காலை 10 மணிக்குத் திறந்த காலத்திலும், 2016க்குப் பின் பகல் 12 மணிக்குத் திறக்கிற காலத்திலும், நம் போன்ற உத்தியோகஸ்தர்களுக்கு மாலை ஆறரைதானே வேளை! உண்மைப் பெயரைச் சொல்லுங்கள். ஒரு கூட்டத்தைக் கண்டு பிடிக்கவில்லை என்று சொல்லுமுன் ஆறு முறை போய்விட்டுச் சொல்லுங்கள். கூட்டத்தின் முடிவில் ஒரு பை சுற்றிவரும். தேநீருக்கும் வாடகைக்கும் உறுப்பினர் போடுவது, பத்து ரூபாய் போட்டாலும் போடாவிட்டாலும் கேட்பாரில்லை. அட்டை போட்டுக் கட்டணம் கேட்கிற இடம் வேறு எதுவாக இருந்தாலும் இச்சங்கம் அன்று.

சிலுவை மாட்டிய சுவரின் கீழ் உட்காரலாமா என்று சைவக் குடும்பத்தில் பிறந்த எனக்கும் சங்கோசம் இருந்தது. பள்ளியில் என்னுடன் வேலை பார்த்த விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், இது மதம் மாற்றுகிற உபாயம், இதற்கு ஆதாரமும் கிடையாது என்று ஓய்வறையில் எல்லார் முன்னும் பரிகசித்தார். கோயிலார் அறையை இரவல் தருகிறார்கள், அவ்வளவே. அங்கே பேசப்படும் கடவுள் அவரவர் அறிந்த வண்ணம்தான், கடவுளே இல்லை என்கிற தோழர் ஒருவரும் எட்டு வருஷமாக எங்களோடு உட்கார்ந்திருக்கிறார். நான் பெஞ்சில் அமர்ந்ததும் மனசுக்குள் ஆதி கும்பேசுவரரை ஒரு முறை கும்பிட்டுக்கொள்கிறேன். ஆதாரம் கேட்டவருக்கு, 2020ஆம் ஆண்டு காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளில் இடம்பெற்ற 10,565 பேரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்து, தொடர்ந்து குடியாதிருக்கச் செய்வதில் இவ்வழி மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று, பல இடங்களில் மேலானது என்று கண்டதை என் மருமகன் அச்சிட்டுத் தந்தான். அதை ஓர் உறையிலிட்டு அவர் வீட்டுக்கே அனுப்பிவைத்தேன். பதில் இல்லை.

வீட்டாருக்கும் தனிக் கூட்டம் உண்டு; அல்-அனான் என்று பெயர், 1951இல் தொடங்கியது, பில்லின் மனைவி லோயிஸ் அதற்கு மூலவர்களுள் ஒருவர். என் மனைவியைப் போகச் சொன்னேன். ‘இருபது வருஷமா உங்கள உட்காந்து பாத்தது போதாதா, இன்னும் போயி உட்காந்து பேசணுமா?’ என்று மறுத்துவிட்டாள். அவள் இஷ்டம்.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கூட்டத்துக்குப் புதியவர் ஒருவர் வந்தார். தேய்த்த சட்டை, மடியில் கைப்பை, பார்வை அடிக்கடி சுவர்க் கடிகாரத்தில். தம் பெயர் சேகர் என்றார்; ஊர் என்னவென்று எவரும் கேளாதபோதே சீர்காழி என்றார். சற்று நேரம் கழித்து, ‘சேகர் சார், நீங்க ஏதாச்சும் சொல்றீங்களா?’ என்று நடத்துநர் கேட்டபோது அவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு முதுகு சில்லிட்டது. ஒருவர் பேசும்போது குறுக்கே புத்தி சொல்லலாகாதென்பது கூட்டத்தின் வழக்கம். வாயைத் திறக்கப் போன என் கையை இஸ்திரிக்காரர் பெஞ்சுக்கு அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

கலையும்போது, ‘கடைசி பஸ் எத்தனை மணிக்கு?’ என்று மட்டும் கேட்டேன். ‘எட்டு நாற்பதுக்கு’ என்றார். பேருந்து நிலையத்துக்கு நேரே போகிற வழியில் கடை இருக்கிறதே என்று நான் யோசிப்பதற்குள், இஸ்திரிக்காரர் தம் டி.வி.எஸ். வண்டியை உதைத்துக் கிளப்பி, அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, மகாமகக் குளத்தைச் சுற்றிப் போகிற நீண்ட வழியில் திருப்பினார்.